மேல் கோடு வரை

அந்தச் சிவப்பு விளக்கை முதலில் பார்த்தது டிரைவரக்கா இல்லை, முன்சீட்டுக்காரிதான். பிஸ்கட் கம்பெனிக்குப் போய்வரும் நாற்பத்திரண்டு பெண்களில் அவள் ஒருத்தி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கமாட்டாள். முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவரின் கையையும் காலையும் முகத்தையும் கவனித்துக்கொண்டே வருவாள். பக்கத்து வீட்டில் பால் பொங்கினாலும் எட்டிப் பார்க்கிற சுபாவம். ஆனாலும் அவளைக் குறை சொல்ல முடியாது, விளக்கை அவள்தான் பார்த்தாள்.

பகல் ஷிஃப்ட் முடிந்து பஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்து அணைந்தது.

"அக்கா, உங்க வண்டிக்குக் கோபம் வந்துடுச்சு. மூக்கு செவந்துச்சு, பார்த்தீங்களா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டறவளுக்கு மூக்கைப் பார்க்க நேரம் ஏது" என்றாள் டிரைவரக்கா. அடுத்த வளைவில் அவளும் பார்த்தாள்.

பத்தொன்பது வயது பஸ் அது. மூன்று முதலாளிகளிடம் ஓடித் தேய்ந்து நான்காவதாக இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. பின்கதவை மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. மழை பெய்தால் கடைசி இரண்டு வரிசையில் குடை பிடிக்க வேண்டும். ஆனால் பிரேக் விஷயத்தில் அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அந்தச் சிவப்பு விளக்கு எரிய இரண்டே காரணம்தான் உண்டு. ஹேண்ட்பிரேக்கை இறக்காமல் வண்டியை எடுத்தால் எரியும். பிரேக் ஆயில் குறைந்தால் எரியும். ஹேண்ட்பிரேக் இறங்கித்தான் இருந்தது.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அவள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, பெண்கள் கொடுத்தனுப்பிய உடைந்த பிஸ்கட்டை இடது கையால் டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பாதி டம்ளருக்குள் விழுந்து கரைந்திருந்தது.

"ஏங்க, பிரேக் ஆயில் சரியா இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார், இருக்கிறது என்று.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தானே பார்த்திருக்கலாம். பத்தடி தூரம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை தொங்கிப் போனது, வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய், பிறகு பாதி திரும்பியது. ஒரு சொல்லை எடுக்க அவர் உதடு கோணி, எச்சில் வழிந்து, அதற்குள் எதிரில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பேசுவதை விட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான்.

அவர் கற்றுக்கொடுத்து ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த அவள், ஆறே மாதத்தில் பெரிய லைசென்ஸ் எடுத்து அந்த சீட்டில் உட்கார்ந்தாள். அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, காலை இழுத்துக்கொண்டே பஸ்ஸைச் சுற்றிவந்து, தண்ணீர், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், டயர் எல்லாம் பார்ப்பது. அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. அவர் பார்த்ததை இன்னொரு தடவை பார்ப்பதுகூட அவரை அவமானப்படுத்துவதுதான் என்று அவள் நினைத்தாள். அந்த மரியாதையால் அவள் டப்பாவின் மூடியைத் திறக்கவில்லை.

மெக்கானிக்கின் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "பொறுங்க, பார்க்கலாம்" என்பான். அதனால் அவன் பெயரே பொறுமை ஆகிவிட்டது. பழைய டிரைவரான அவள் வீட்டுக்காரர் ஓட்டிய காலத்திலிருந்து இந்த பஸ்ஸுக்கு அவன்தான் வைத்தியன். பட்டறை வேலை முடிய ராத்திரி ஆகிவிடும் என்பதால் காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் வந்தான்.

டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால், பஸ்ஸின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு. அதைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா தெரியும். வெள்ளை பிளாஸ்டிக், அதில் இரண்டு கோடுகள். மேல் கோடு வரை ஆயில் இருந்தால் நிம்மதி, கீழ் கோட்டுக்கு வந்தால் ஆபத்து. பொறுமை குனிந்து பார்த்தான். ஆயில் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நெறைய இருக்கே அண்ணி."

"அப்ப ஏன் எரியுது?"

"பொறுங்க, பார்க்கலாம்."

முதல் வாரம் ஹேண்ட்பிரேக்கின் சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தான். விளக்கு எரிந்தது. இரண்டாம் வாரம் ஆயில் டப்பாவிலிருந்து விளக்குக்குப் போகும் வயரில் பச்சை பூத்திருந்த முனையை வெட்டிப் புதிதாகச் சேர்த்தான். விளக்கு எரிந்தது, சாயங்காலம், மேட்டு வளைவில், சொல்லிவைத்தது போல. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து ஆறு சக்கரத்தையும் கழற்றினான். உள்ளே ஈரமில்லை. பைப் நெடுகிலும் விரலால் தடவிக்கொண்டே போனான். ஈரமில்லை. அடியில் அட்டை விரித்து வைத்தான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"எங்கயும் ஒழுகல. டப்பாவும் நெறைஞ்சிருக்கு. விளக்குதான் பொய் சொல்லுது அண்ணி. டப்பாக்குள்ள ஆயில் அளவு காட்டற மிதப்பு பழசாயிடுச்சு. வயரைக் கழட்டி விட்டுடலாமா?"

"நெருப்பில்லாமப் புகையாதுன்னு நீதானப்பா சொல்லுவ."

"வயசான வண்டி நெருப்பில்லாமலும் புகையும்."

பழைய டிரைவர் சற்றுத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுமை அவரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" என்றான். அவர் தரையைப் பார்த்தார்.

வயரைக் கழற்ற அவள் ஒப்பவில்லை. விளக்கு எரிந்தபடியே பஸ் ஓடியது. அதைப் பார்த்துப் பார்த்துப் பின்சீட்டு வரைக்கும் பேச்சு பரவி, ஒருத்தி வேண்டுதலெல்லாம் செய்ய ஆரம்பித்தாள். ஒருநாள் முன்சீட்டுக்காரி தன் ஏப்ரனிலிருந்து பிஸ்கட் பெட்டியில் ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கர் ஒன்றை உரித்து எட்டி அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள்.

"இனிமே கோபம் தெரியாது" என்றாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாடி?" என்றாள் டிரைவரக்கா. ஆனாலும் அதைப் பிய்த்து எறியவில்லை. அவளும் அந்த விளக்கைப் பார்த்துச் சலித்துப் போயிருந்தாள்.

விளக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது யார் என்று பழைய டிரைவருக்குத் தெரியும்.

தினமும் காலை ஐந்து மணிக்கு அவர் தகரக் கதவைத் திறக்கும்போது ஆயில் கீழ் கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். தினமும் அவர் நீல மூடி பாட்டிலை எடுத்து மேல் கோடு வரை ஊற்றுவார். ஐந்தரைக்குப் பொறுமை வந்து பார்க்கும்போது டப்பா நிறைந்திருக்கும். இது அவருக்குப் புரியாத விஷயமல்ல. ஆயில் தானாகக் குறையாது என்று இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்குத் தெரியாதா?

ஆனால் அவர் சந்தேகப்பட்டது பஸ்ஸை அல்ல, தன் கையை.

வலது கை இல்லாமல் போன பிறகு அவர் எதைத் தொட்டாலும் கொட்டியது. தண்ணீர் கொட்டியது, டீ கொட்டியது, தட்டில் போட்ட சோறு மடியில் விழுந்தது. அந்த இடது கைக்கு எழுதவும் தெரியாது, ஊற்றவும் தெரியாது. நடுங்கும். டப்பாவின் வாயோ சின்னது, விடியலின் அரை இருட்டு வேறு. ஊற்றி முடித்துப் பார்த்தால் விரலெல்லாம் ஆயிலாக இருக்கும். 'நேத்தும் பாதி வெளியதான் ஊத்தியிருப்பேன், மேல் கோடுன்னு நெனச்சது கண் மயக்கமா இருந்திருக்கும்' என்று நினைத்துக்கொள்வார். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்று தெரியுமாதலால், ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டுத்தான் கதவை மூடுவார்.

அவளிடம் சொன்னால் என்ன சொல்லுவாள் என்றும் அவருக்குத் தெரியும். "பரவாயில்லைங்க, இனிமே நானே ஊத்திக்கிறேன்" என்பாள். அன்பாகத்தான் சொல்லுவாள். சட்டைப் பொத்தானை அவள் போட ஆரம்பித்தது அப்படித்தான். முகச்சவரம் அப்படித்தான். இந்த ஒன்றும் போய்விட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்கு அழுகை வரும். இப்போதெல்லாம் அழுகை அவருக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. காலி பாட்டில்களைக் கட்டிலுக்கடியில் ஒரு சாக்கில் போட்டு வைத்தார். தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத் தானே நடந்துபோய்ப் புதுப் பாட்டில் வாங்கிவந்தார்.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. தெரு சேறாகிவிட்டது. அவருடைய காலால் அந்தச் சேற்றில் நடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை பாட்டிலைக் கவிழ்த்தார். நாலு சொட்டு விழுந்தது. டப்பாவில் ஆயில் கீழ் கோட்டுக்கும் கீழே இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரக்கா தலையை வெளியே நீட்டி, தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"என்னங்க, எல்லாம் சரியா?"

அவர் வாயைத் திறந்தார். சொல் தொண்டையில் இருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது, எச்சில் வழிந்தது. முன்சீட்டுக்காரியும் இன்னும் நாலைந்து பேரும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்கிற அந்தப் பார்வை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது இன்னும் மோசம்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், சரி என்று.

பஸ் போய்விட்டது. ஒரு நாள்தானே, தினமும் சாயங்காலம் கீழ் கோட்டுக்கு வந்த பிறகும் வண்டி ஓடி வீடு வந்து சேர்ந்ததே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் போய்ச் செருப்பை மாட்டப் பார்த்தார். கடை திறந்ததும் போய் நிற்கலாம் என்று. இடது கையால் வலது காலில் அந்தச் செருப்பை மாட்டவே முடியவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார்.

கம்பெனிக்குப் போகிற இறக்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கீழே கொதிக்கிற சர்க்கரை வாசனை இறக்கத்தின் பாதியிலேயே வந்துவிடும். அன்று அந்த வாசனை வருவதற்கு முன்பே டிரைவரக்காவின் கால் மாற்றத்தை உணர்ந்தது. பிரேக் மிதி வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. இன்னும் கீழே போனது. மறுபடி மிதித்தாள், இன்னும் கீழே போனது.

அவள் கத்தவில்லை. "எல்லாரும் கம்பியைப் பிடிங்க" என்றாள், டிக்கெட் கேட்கிற குரலில். இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறக்கினாள். இன்ஜின் ஊளையிட்டது. மிதியை விட்டுவிட்டு மிதித்தாள், விட்டுவிட்டு மிதித்தாள், ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். ரோடு போடுவதற்காக ஓரத்தில் ஜல்லி குவித்திருந்தார்கள். அதற்குள் முன்சக்கரத்தை ஏற்றினாள். பஸ் குலுங்கி, மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

கடைசி வரிசையில் ஒரு டிபன் பாக்ஸ் உருண்டு படியில் விழுந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்டிக்கருக்கு அடியிலிருந்து சிவப்பு கசிந்தது. முன்சீட்டுக்காரி எழுந்துபோய் நகத்தால் அதைச் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தாள்.

"நான் ஒட்டினதுதான் அக்கா" என்றாள்.

"நீ ஒட்டலேன்னாலும் எரிஞ்சிருக்கும். இறங்கி நடங்க எல்லாரும். ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

பெண்கள் வரிசையாக இறங்கி நடந்து போனார்கள். அதற்கப்புறம்தான் டிரைவரக்கா முன்பக்கம் போய், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தகரக் கதவைத் தன் கையால் திறந்தாள். டப்பாவின் அடியில் கொஞ்சம் ஆயில் கிடந்தது. ஜல்லியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவர் ஆட்டிய தலை அவள் கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

பொறுமை வந்து ஆயில் ஊற்றி, மிதியைக் கொஞ்சம் தேற்றி, முதல் கியரிலேயே மேட்டில் ஏற்றி வண்டியைக் காலி மனைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வழியிலேயே கம்பெனி மேனேஜர் போன் செய்தார். பெண்களை இன்று சாயங்காலம் எப்படியோ அனுப்பிவிடுகிறோம், நாளைக் காலை வண்டி வருமா வராதா, வராவிட்டால் வேறு வண்டி பேசிக்கொள்கிறோம் என்றார். அவள் வரும் என்றாள். எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது.

பழைய டிரைவர் காலி மனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. பஸ்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் உடம்பில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில டப்பாவைத் திறந்து பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார்.

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

"பா... பார்த்தேன்."

"ஆயில் இருந்துச்சா?"

பொறுமை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "இல்ல" என்றார் அவர்.

"நாப்பத்திரெண்டு பேருங்க. பாதிப் பேருக்குக் கைக்குழந்தை. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லைன்னு நெனச்சிருந்தாக்கூட, அவங்க என்ன பாவம் பண்ணாங்க? உங்க கை போனப்ப நான் பயப்படல. கால் போனப்ப பயப்படல. இன்னைக்கு உங்க தலையாட்டலை நெனச்சாப் பயமா இருக்குது."

அவர் வீட்டுக்குள் போனார். கட்டிலுக்கடியில் இருந்த சாக்கை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் கவிழ்த்தார். ஏழு நீல மூடி பாட்டில்கள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே அண்ணே" என்றான் பொறுமை. குரலில் கேலி இல்லை.

"தெனம்... ஊத்தறேன். தெனம்... குறையுது. கை... இந்தக் கை... கொட்டுது." வலது கை தொங்க, இடது கையால் தன் தொடையில் ஓங்கி அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை அவளுக்கு.

"பொறுங்க" என்றான் பொறுமை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தகரக் கதவுக்குள் தலையை விட்டான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. பிறகு, "அண்ணே, இங்க வாங்க" என்றான்.

அவர் போகவில்லை. அவள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

"டப்பாவுக்குக் கீழ பாருங்க. இந்த இடுக்கு. எந்தத் துணியும் இங்க எட்டாது, என் விரலே எட்டல. கொட்டியிருந்தா இங்கதான் வழிஞ்சிருக்கணும். ஏழு பாட்டில் ஆயில் வழிஞ்ச இடத்துல பெயிண்ட் இருக்குமா? பொரிஞ்சு உரிஞ்சு துரு ஏறியிருக்கும். இது வண்டி செஞ்ச கம்பெனியில அடிச்ச பெயிண்ட், அப்படியே இருக்கு. அதுக்கு மேல தூசி. அந்தத் தூசிக்கு மேல சிலந்தி கூடு கட்டியிருக்கு. ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அந்தக் கூடு இருக்காது."

பழைய டிரைவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "விரல்ல... ஆயில்..."

"விரல்ல யாருக்குத்தான் ஆகாது, எனக்கும்தான் ஆகுது. நீங்க கொட்டவே இல்ல அண்ணே. ஊத்தினதெல்லாம் டப்பாக்குள்ளதான் போயிருக்கு."

"அப்ப எங்கப்பா போச்சு?" என்றாள் அவள். "வெளியவும் ஒழுகல, கொட்டவும் இல்ல. ஆவியாவா போச்சு?"

"வெளிய ஒழுகலேன்னா உள்ள ஒழுகியிருக்கணும். ஒரு மாசமா என் புத்திக்கு அது எட்டல பாருங்க. தெனம் நெறைஞ்ச டப்பாவையே பார்த்தேன், குறையுதுன்னே தெரியல. குறையுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, முதல் நாளே இதைத்தான் கழட்டியிருப்பேன்."

அவன் காட்டியது, ஆயில் டப்பாவுக்குப் பின்னால் இருந்த உருண்டைத் தகரப் பெட்டியை. பூஸ்டர். மிதியை அழுத்தும்போது காலுக்குக் கூடுதல் பலம் கொடுப்பது அதுதான். அதற்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர், ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம். பொறுமை நட்டுகளைக் கழற்றி சிலிண்டரை முன்னால் இழுத்தான். பின்முகம் நனைந்து கிடந்தது. ஒரு பேசினைக் கீழே வைத்துவிட்டுப் பூஸ்டரைக் கழற்றிச் சரித்தான். ஆயில் கொளகொளவென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பேசினில் பாதிக்கு மேல் நிறைந்தது.

"இந்தாங்க. நீங்க ஊத்தினதுல முக்கால்வாசி இங்க இருக்கு. மீதியை இதுலேருந்து போற குழாய் வழியா இன்ஜின் உறிஞ்சியிருக்கும். ரப்பர் தேஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல."

பழைய டிரைவர் அந்தப் பேசினைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து இடது கை விரல் ஒன்றை அதில் தொட்டார். அழ ஆரம்பித்தார். இது சீக்கிரம் வருகிற அழுகை இல்லை, வேறு. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் இதுல பங்கு இருக்குங்க" என்றாள். "ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். நீங்க பார்த்ததை நான் பார்த்தா உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னு விட்டுட்டேன். உங்க மனசைப் பார்த்தேனே தவிர, பிரேக்கைப் பார்க்கல."

பொறுமை டவுனுக்குப் போய் மாஸ்டர் சிலிண்டரும், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையில் இதே மாதிரி பஸ்ஸிலிருந்து கழற்றிய பூஸ்டரும் வாங்கிவந்து மாட்டி முடிக்கும்போது மணி நாலு. மழை விட்டு, வெயில் மங்கலாக அடித்தது. மிச்சமிருந்தது காற்றெடுக்கிற வேலை. பைப்புக்குள் காற்று இருந்தால் மிதி பஞ்சாகத்தான் இருக்கும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்தின் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். திருகு திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

டிரைவரக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"நீங்க வேணாம் அண்ணி. நீங்க டப்பாவுல ஆயில் குறையாமப் பார்த்துக்கங்க. அண்ணன் மிதிக்கட்டும்."

"அவராலயா?"

"இடது கால் நல்லாத்தானே இருக்கு."

இரண்டு பேருமாக அவரைத் தூக்கி ஏற்றினார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். இடது காலைப் பிரேக் மிதியில் வைத்தார். பொறுமை பின்சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தான். அங்கிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"மிதிச்சுப் பிடிச்சதும் சொல்லுங்க அண்ணே. நீங்க சொன்னாத்தான் நான் திறப்பேன். தலையாட்டினா எனக்குத் தெரியாது, நான் அடியில கிடக்கேன்."

அவர் மிதித்தார், பிடித்தார். உதடு அசைந்தது.

"கேக்கல அண்ணே."

"பிடி... பிடிச்..."

"பொறுமையாச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சேத்துல சுகமாத்தான் படுத்திருக்கேன்."

டிரைவரக்கா டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவருக்காக அவளே சொல்லிவிட்டிருப்பாள், இரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"பிடிச்... சிருக்கேன்" என்றார் அவர்.

"இப்பக் கேட்டுச்சு." திருகு திறந்தது, குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது, மிதி மெதுவாகக் கீழே போனது. "மூடிட்டேன். விடுங்க."

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏழெட்டுத் தடவை. மிதிங்க, பிடிச்சிருக்கேன், விடுங்க. மிதிங்க, பிடிச்சிருக்கேன், விடுங்க. சொல் ஒவ்வொரு தடவையும் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. நாலாவது சக்கரத்துக்குப் போகும்போது எதிர்வீட்டு ஆள் வெளியே வந்து, யாரப்பா இவ்வளவு சத்தம் போடறது என்று எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் மிதி கல்லாக நின்றது. அவரை இறக்கும்போது டிரைவரக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"நாளையிலேருந்து அஞ்சு மணிக்கு நீங்கதான் பார்ப்பீங்க, அதுல மாத்தமில்ல. ஆனா அஞ்சரைக்கு நானும் பார்ப்பேன். மனசு கஷ்டப்படக் கூடாது. அப்புறம் என்ன இருக்கோ அதை வாயால சொல்லணும். அரைமணி நேரமானாலும் சரி, நான் இன்ஜினை ஓட விட்டுட்டுக் காத்துக்கிட்டிருப்பேன்."

மறுநாள் காலை பெண்கள் வந்தார்கள். ஒருத்தியாவது பயந்துபோய் வராமல் இருந்துவிடுவாளோ என்று டிரைவரக்கா எண்ணிப் பார்த்தாள். அந்தத் தெருவுக்கு உரிய பத்துப் பேரும் வந்திருந்தார்கள். முன்சீட்டுக்காரி தன் இடத்தில் உட்கார்ந்து, பசை மட்டும் ஒட்டியிருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட்பிரேக் போட்டிருந்ததால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பழைய டிரைவர் காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். இடது கையில் நீல மூடி பாட்டில், சீல் பிரிக்காதது.

"என்னங்க, எல்லாம் சரியா?"

தலை ஆட வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார். வாயைத் திறந்தார். உதடு கோணியது, எச்சில் வழிந்தது, பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டிரைவரக்கா திரும்பாமலேயே ஒரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"மேல் கோட்டுல... இருக்கு" என்றார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டார். "குறையல. இன்னைக்கு... நான்... ஊத்தல."

"நானும் பார்த்தேங்க. அப்படியேதான் இருக்கு" என்றாள்.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.